மாஸ் ஸ்பெக்கில் புரத அளவும் ஃபாஸ்பாரிலேஷனும்: சில வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

ஆன்டிபாடி வைத்துப் புரதத்தைப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டிலேயே காலம் தள்ளியவர், நிறையை அளந்து புரதங்களை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக் பக்கம் வந்தால் கொஞ்ச நாள் மிதப்பாகத்தான் இருக்கும். அங்கே ஒரு புரதத்துக்கு ஒரு ஆன்டிபாடி. இங்கே ஆர்பிட்ராப் என்ற மாஸ் ஸ்பெக் கருவியில் இரண்டு மணி நேரம் ஓட விட்டால் ஹீலா என்ற மனிதப் புற்றுநோய் செல்லிலிருந்து நாலைந்தாயிரம் புரதம் எக்செலில் வந்து விழும். அந்த மிதப்பு தெளிந்த பிறகு எழுதுவது இது. புரத அளவு விஷயத்தில் கருவி சொல்வதைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஃபாஸ்பாரிலேஷன் (புரதத்தில் செரின், டைரோசின் போன்ற அமினோ அமிலத்தில் ஃபாஸ்பேட் ஒட்டுவது) என்றால் குறுக்கு விசாரணை செய்யாமல் விடுவதில்லை.

கருவியைக் குறை சொல்ல அதிகம் இல்லை, சிக்கல் எல்லாம் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. 8 மோலார் யூரியாவில் செல்லை உடைத்துவிட்டு, சீக்கிரம் கரையட்டும் என்று சூடாக்கினால் யூரியா சிதைந்து லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொள்ளும், நிறை 43 டால்டன் கூடும், புரதத்தைப் பெப்டைட் துண்டுகளாக்கும் டிரிப்சின் நொதி அந்த இடத்தில் வெட்டாது. செல்லை உடைக்கும் சோப்பான டிரைட்டன் கொஞ்சம் மிச்சம் இருந்தால் போதும், 44 டால்டன் இடைவெளியில் வரிசையாக உச்சங்கள் கிளம்பி பெப்டைடுகளை அமுக்கிவிடும். நம் தோலிலிருந்தும் முடியிலிருந்தும் சாம்பிளில் விழும் கெரட்டினை முழுசாக ஒழித்தவர் யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

ஃபாஸ்போவுக்கு இதற்கு மேல் ஒரு தொல்லை, செல்லிலேயே இருந்து ஃபாஸ்பேட்டைக் கழற்றிவிடும் பாஸ்பட்டேஸ் நொதிகள். அவற்றைத் தடுக்கும் ஆர்த்தோவனடேட், சோடியம் ஃப்ளோரைடு எல்லாம் முன்கூட்டியே பஃபரில் இருக்க வேண்டும், எல்லாம் ஐஸில் நடக்க வேண்டும். திசு சாம்பிளாக இருந்தால் வெட்டியெடுத்து எத்தனை நிமிடம் கழித்து உறைய வைத்தார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் தெரியாத சாம்பிளில் கினேஸ் (ஃபாஸ்பேட்டை ஒட்டும் நொதி) கதை எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அப்புறம் செறிவூட்டல். ஃபாஸ்போ பெப்டைடுகள் மொத்தத்தில் அவ்வளவு சொற்பம் என்பதால் ஃபாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் டைட்டானியம் டை ஆக்சைடோ இரும்பு ஐமாக்கோ இல்லாமல் வேலை நடக்காது. டைட்டானியத்துக்கு அஸ்பார்டேட், குளுட்டமேட் என்ற அமில அமினோ அமிலங்கள் நிறைந்த பெப்டைடுகள் மேலும் ஆசை உண்டு, லாக்டிக் அமிலமோ கிளைகாலிக் அமிலமோ சேர்த்து அவற்றைத் தள்ளிவிட வேண்டும். டைரோசின்தான் உங்கள் கேள்வி என்றால் இது போதாது. 2006-இல் ஓல்சன், மான் குழு ஹீலா செல்லில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபாஸ்போ இடங்களைக் கண்டார்கள், அதில் டைரோசின் 2 சதவீதத்துக்கும் கீழே; செரின்தான் 86 சதவீதம். டைரோசினுக்குத் தனியாக ஆன்டிபாடி வைத்துப் பிடிப்பதே வழி.

பெப்டைடில் ஃபாஸ்பேட் இருக்கிறது என்பதைக் கருவி நன்றாகவே சொல்கிறது, 79.966 டால்டன் கூடியிருக்கும். எந்த செரினில் என்பதில்தான் தகராறு. மூன்று செரின் அடுத்தடுத்து இருந்தால், அவற்றைப் பிரித்துக் காட்டும் துண்டு அயனிகள் ஸ்பெக்ட்ரத்தில் இல்லாவிட்டால், மென்பொருள் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். மேக்ஸ்குவாண்ட் மென்பொருள் தரும் இட நிகழ்தகவு (ஃபாஸ்பேட் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதற்கான வாய்ப்பு) 0.75-க்குக் கீழே உள்ளதை நான் பெயர் சொல்லி எழுதுவதில்லை. அட்டவணையில் அந்த நெடுவரிசையையே திறந்து பார்க்காமல் இடத்தின் எண்ணைக் கட்டுரைத் தலைப்பு வரை கொண்டுபோகிறவர்கள் உண்டு, வேறென்ன சொல்ல.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இன்னொன்று. மருந்து கொடுத்து 24 மணி நேரம் கழித்து ஒரு ஃபாஸ்போ இடம் இரண்டு மடங்கு ஏறியிருக்கிறது என்று படம் போடுவார்கள். அந்தப் புரதமே இரண்டு மடங்கு ஏறியிருந்தால் ஃபாஸ்பாரிலேஷனில் மாற்றம் என்று என்ன இருக்கிறது? ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி கொடுத்து ஐந்து நிமிடத்தில் நிறுத்துகிற சோதனை என்றால் சரி, அதற்குள் பெரும்பாலான புரதங்களின் அளவு மாறாது. மற்றபடி அதே லைசேட்டில் (செல்லை உடைத்த கரைசலில்) ஒரு பகுதியைச் செறிவூட்டாமல் ஓட்டி, புரத அளவால் திருத்த வேண்டும். கருவி நேரம் கூடுதலாகக் கேட்கும், க்யூவில் இன்னும் காத்திருக்க நேரிடும். ஆனாலும் எந்தச் செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

சில சாம்பிளில் அளவே வராமல் விடுபட்ட மதிப்புகளுக்கு வருகிறேன். பழைய டிடிஏ முறையில் கருவி அந்த நொடியில் பலமான அயனிகளைத்தான் பொறுக்கும், அதனால் ஒரு சாம்பிளில் வந்தது பக்கத்துச் சாம்பிளில் காணாமல் போகும். பெர்சியஸ் என்ற பகுப்பாய்வு மென்பொருளில் 0.3, 1.8 (நிரப்பும் பரவலின் அகலம், கீழிறக்கம்) என்ற இயல்பு எண்களை அப்படியே விட்டுக் காலி இடங்களை நிரப்பினால், மாற்றத்தையும் நம்பகத்தையும் சேர்த்துக் காட்டும் வல்கேனோ பிளாட் அழகாகத்தான் வரும், பாதி புள்ளிகள் நிரப்பியதால் வந்தவையாக இருக்கலாம். பொறுக்காமல் எல்லா அயனிகளையும் உடைத்துப் பார்க்கும் டிஐஏவுக்கு மாறியதில் இந்தத் தலைவலி வெகுவாகக் குறைந்தது. அதற்கான டிஐஏ-என்என் மென்பொருள் கல்விசார் ஆய்வுக்கு இலவசமாகக் கிடைக்கிறது, வேகமும் அதிகம். பல சாம்பிள்களுக்கு வேதி அடையாளம் ஒட்டிச் சேர்த்து ஓட்டும் டிஎம்டி பயன்படுத்தினால் காலியிடம் குறைவு, ஆனால் கூடவே நுழையும் அயனிகளால் விகிதங்கள் சுருங்கிவிடும்; நான்கு மடங்கு மாற்றம் இரண்டரை மாதிரி தெரியும்.

ஒரே ஒரு புரதத்தைப் பார்க்க வேண்டும், நல்ல ஆன்டிபாடியும் இருக்கிறது என்றால் இதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். ஆன்டிபாடியே இல்லாத ஃபாஸ்போ இடத்தை உறுதி செய்ய வேண்டும் என்றால் கன ஐசோடோப்பு சேர்த்த பெப்டைட் ஒன்று செய்து வாங்கி குறிப்பிட்ட பெப்டைடை மட்டும் குறிவைத்து அளக்கும் பிஆர்எம்மில் ஓட்டுங்கள். விலை கொஞ்சம் கடிக்கும், ஆனால் கட்டுரை மதிப்பீட்டாளர் கேட்கும் கேள்விக்கு அதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.