சி.ஆர்.டி.எஸ். வாயு அளவியுடன் ஆறு ஆண்டுகள்

காற்றிலுள்ள மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் அளப்பதற்காக, கேவிட்டி ரிங்-டவுன் (சுருக்கமாக சி.ஆர்.டி.எஸ்.) முறையில் இயங்கும் லேசர் அளவி ஒன்றைக் கடலோர நிலையமொன்றில் ஆறு ஆண்டுகளாக இரவு பகலாக ஓட்டி வருகிறேன். இத்தனை காலத்தில் லேசர் ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. என் நேரத்தையெல்லாம் தின்றவை குழாயும் பம்பும் ஈரமும்தான்.

ஒளியில் 99.99 சதவீதத்துக்கும் மேல் திருப்பியனுப்பும் ஆடிகளுக்கிடையே லேசர் ஒளியை அடைத்துவிட்டு லேசரை அணைத்தால், ஒரு சாண் நீளமே உள்ள கேவிட்டி என்னும் சிற்றறைக்குள் அது பல கிலோமீட்டர் தூரம் ஓடித் தேய்கிறது. உள்ளே மீத்தேன் இருந்தால் 1.65 மைக்ரான் அலைநீளத்தில் அந்தத் தேய்வு விரைவாகிறது. கருவி அளப்பது ஒளியின் பிரகாசத்தை அல்ல, அது தேயும் நேரத்தை என்பதால், லேசர் சற்று மங்கினாலும் அளவு பிசகுவதில்லை. முன்பு வைத்திருந்த அகச்சிவப்புக் கருவிக்குச் சில மணி நேரத்துக்கொரு முறை, அளவு முன்பே தெரிந்த சிலிண்டர் வாயுவை (தர வாயுவை) காட்டிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. இதற்கு நாளுக்கொரு முறை போதும்.

கடற்காற்றில் 3 சதவீதம் நீராவி இருந்தால், 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) கார்பன் டை ஆக்சைடு, நீராவி இடம் பிடித்துக்கொள்வதால் மட்டுமே ஏறக்குறைய 12.6 பி.பி.எம். குறைந்து தெரியும். கருவி தானே நீராவியை அளந்து திருத்திக்கொள்கிறது என்றாலும், நிலையங்களின் அளவுகளுக்கிடையே உலக வானிலை அமைப்பு எதிர்பார்க்கும் 0.1 பி.பி.எம். ஒப்புமைக்கு அந்தத் திருத்தத்தை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. காற்றை உலர்த்தியே உள்ளே விடுகிறேன்.

மூன்றாம் ஆண்டில், அறையில் ஆள் இருக்கும்போது மட்டும் கார்பன் டை ஆக்சைடு ஏறியது. இரண்டு வாரம் மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு குழாயின் ஒவ்வொரு இணைப்பருகிலும் குனிந்து மெல்ல மூச்சை ஊதிப் பார்த்தேன். நாம் விடும் மூச்சில் அந்த வாயு ஏறத்தாழ 4 சதவீதம் உள்ளதால், ஃபில்டருக்கு அடுத்த நட்டில் ஊதிய சில நொடிகளில் திரையில் கோடு செங்குத்தாக எழுந்தது. நட்டைக் கால் சுற்று இறுக்கினேன், சரியாயிற்று.

பம்பின் டயாஃப்ரத்தை (காற்றைத் தள்ளும் சவ்வை) இதுவரை இருமுறை மாற்றியிருக்கிறேன். கேவிட்டியின் அழுத்தம் ஆடத் தொடங்குவதே அதற்கான முன்னறிவிப்பு.

எரிவாயுக் குழாயில் கசிவு தேடுவதுதான் வேலை என்றால் இவ்வளவு செலவு வேண்டாம், கையடக்க டையோடு லேசர் கருவியே போதும். பின்னணிக் காற்றின் சிறு மாறுதல்களை ஆண்டுக்கணக்கில் தொடர விரும்புவோர் இதை வாங்கலாம். ஆனால் தர வாயு சிலிண்டரைக் கடைசிச் சொட்டு வரை இழுக்க வேண்டாம், அழுத்தம் மிகவும் இறங்கியபின் உட்சுவரில் ஒட்டியிருந்த கார்பன் டை ஆக்சைடு வெளிவந்து அளவை உயர்த்திக் காட்டும்.