ஸ்ட்ரீட்கம்ப்ளீட் ஆப்: கடலூர் ஓ.டி.ல (ஓல்டு டவுன்) மூணு மாசம் யூஸ் பண்ணி பாத்தது

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் நெறைய பேருக்கு தெரிஞ்சிருக்கும், நெட்டுல இருக்கற உலக மேப், 2004ல ஆரம்பிச்சது, யாரு வேணா திருத்தலாம், காசு கிடையாது. அதுல தகவல் ஏத்தறதுக்குத்தான் இந்த ஸ்ட்ரீட்கம்ப்ளீட், ஆண்ட்ராய்டு போன் வேணும். தெருவுல நடந்து போகும்போது அதுவே கேள்வி கேக்கும், நாம பதில் அமுக்கினா போதும். பஸ் ஸ்டாப் கிட்ட போனா நிழற்குடை இருக்கா, உக்கார பெஞ்ச் இருக்கா, நைட்டு லைட் எரியுமான்னு கேக்குது பாருங்க, அங்கதான் எனக்கு இந்த ஆப் புடிச்சி போச்சி.

போன திங்கக்கெழம பக்கத்து வீட்டு ஆயாவ முதியோர் பணத்துக்கு மனு குடுக்க மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசுக்கு கூட்டிட்டு கெளம்பினேன். ஸ்டாப்புல புங்கமரம்தான் நிழல், ஆயா கருங்கல்லு மேல உக்காந்துட்டாங்க, மடியில மஞ்சப்பை, உள்ள ரேஷன் கார்டு ஜெராக்ஸ். நான் நிழற்குடை இல்ல பெஞ்ச் இல்லன்னு அமுக்கிட்டு இருக்கேன், "என்னா கண்ணு பண்ற"ன்னாங்க, "ஸ்டாப்ப மேப்புல ஏத்தறேன் ஆயா"ன்னேன், "ஏத்தினா ஃப்ரீ பஸ் வந்துடுமா"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் வரல. அதுக்குள்ள ரெண்டு பிரைவேட் பஸ் போயிடுச்சி, அதுல ஏறினா டிக்கெட் எடுக்கணும், 2021 மே மாசத்துலேர்ந்து பொம்பளைங்களுக்கு இலவசம்னு இருக்கறது கவர்மெண்ட் சாதா டவுன் பஸ்ல மட்டும்தான். மேப்புல பாத்தா ஆபீஸ் கிட்டத்துலதான் தெரியுது, ஆயாவுக்கு அன்னிக்கு பஸ்ஸுக்கு நின்னதே முக்கா மணி நேரம்.

இதான் பெரிய கொறை, எந்த பஸ் எத்தன மணிக்கு வரும்னு இதுல போட முடியல. புது எடம் சேக்கறதுக்கு எவ்ரி டோர்னு இன்னொரு ஆப் போட்டேன், அங்கன்வாடி, ரேஷன் கடை எல்லாம் அதுலதான் ஏத்தினேன், அது ரெண்டும் சேந்தாதான் வேலை ஆகுது. பேரு தமிழ்லயே அடிக்கலாம், ஆனா நம்ம வாயில திருப்பாப்புலியூர்னு வந்தாலும் போர்டுல இருக்கற திருப்பாதிரிப்புலியூர்தான் போடணும். அப்புறம் இது ஏழை வீடு, இது குடிசைன்னு எவரு வீட்டயும் தயவு செஞ்சி குறிக்காதீங்க, தெருவுல என்ன இல்லன்னு போட்டாலே பாக்கறவங்களுக்கு புரியும்.

5க்கு 4 குடுக்கறேன். அடுத்து தேவனாம்பட்டினம் போறேன், அந்தப் பக்கம் இருக்கறவங்க சொல்லுங்க, சேந்து நடக்கலாம்.