ஏபிஎஸ்ஸோடு ஓட்டுவதா, அணைத்துவிட்டு ஓட்டுவதா: ரேஸிங் கேம் பிரேக் அலசல்

ஏபிஎஸ்ஸை, அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் நின்றுவிடாதபடி பார்த்துக்கொள்ளும் உதவியை, அணைத்தால் லேப் நேரம் (தடத்தை ஒரு சுற்று முடிக்கும் நேரம்) தானாகக் குறைந்துவிடும் என்று ரேஸிங் கேம் ஆடுகிறவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. நானும் அதை நம்பி அணைத்தவன்தான். அடுத்த ஒரு வாரம் இத்தாலியின் மான்ஸா தடத்தில், முதல் சிக்கேனில் (அடுத்தடுத்து எதிரெதிராகத் திரும்பும் குறுகிய வளைவுகள்) நான் திரும்பியதைவிட நேராகப் போனதுதான் அதிகம். குற்றம் விரலில் பாதி, செட்டிங்கில் பாதி என்று புரியவே நாளாயிற்று.

முதலில் டயரைப் பார்ப்போம். லேசாக வழுக்கிக்கொண்டே உருளும்போதுதான் டயர் சாலையை அதிகமாகப் பிடிக்கும். கார் போகும் வேகத்தைவிடச் சக்கரம் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் மெதுவாகச் சுற்றும் நிலை அது. அதைத் தாண்டி அழுத்தினால் சக்கரம் லாக் ஆகிவிடும், அதாவது சுற்றாமல் நின்றுவிடும். பிடிப்பு குறையும், ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கார் கேட்காது. ஒரு சின்னக் கணக்கு: 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்கு இறங்க, 1ஜி பிடிப்பு (காரின் எடைக்குச் சமமான பிரேக் விசை) இருந்தால் 132 மீட்டர் போதும். லாக் ஆனதால் பிடிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்று வைத்துக்கொண்டால் 165 மீட்டர் வேண்டும். அந்த 33 மீட்டருக்குள் வளைவு வந்து போயிருக்கும்.

ஏபிஎஸ் செய்வது இந்த எல்லையைக் காவல் காப்பது. சக்கரம் நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் பிரேக்கை நொடிக்குப் பல முறை விட்டுவிட்டுப் பிடிக்கும். 1978ல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்ததும் இதற்காகத்தான். கேமில் அது இன்னும் சொகுசு. கன்ட்ரோலரின் பிரேக் பொத்தானான ட்ரிகரை முழுக்க அழுத்தினால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். நேர்க்கோட்டில் நிற்கும் தூரத்தை மட்டும் பார்த்தால், மனித விரலால் லேப்புக்கு லேப் அதைத் தோற்கடிப்பது கடினம்.

அப்புறம் ஏன் அணைக்க வேண்டும்? விஷயம் நேர்க்கோட்டில் இல்லை, வளைவுக்குள் நுழையும் அந்தச் சில மீட்டர்களில் இருக்கிறது. டயருக்கு இருப்பது ஒரே பை. அதிலிருந்துதான் பிரேக்குக்கும் எடுக்க வேண்டும், திரும்புவதற்கும் எடுக்க வேண்டும். ஏபிஎஸ்ஸை நம்பி முழு அழுத்தத்தோடு ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பையில் பெரும்பகுதி பிரேக்குக்கே போய்விடும், முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகும். ஏபிஎஸ் இல்லாவிட்டால் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடி திரும்பியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. ட்ரெயில் பிரேக்கிங் என்பது இதுதான். ஏபிஎஸ் இருந்தாலும் இதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் செய்யாதவனை அது திட்டாது. அணைத்து வைத்தால் ஒவ்வொரு வளைவிலும் திட்டு விழும்.

அதனால் என் கணக்கில், ஏபிஎஸ்ஸை அணைப்பது நேரத்தைக் குறைக்கும் பொத்தான் அல்ல. பழக்கத்தைத் திருத்தும் வாத்தியார் வேண்டுமானால் ஆகலாம். "உதவியை அணைத்தவன்தான் நிஜமான டிரைவர்" என்கிற வீறாப்பிலும் எனக்கு நம்பிக்கையில்லை. 1993ல் அலென் ப்ராஸ்ட் ஃபார்முலா 1 உலக சாம்பியன் ஆன வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ15சி காரிலேயே ஏபிஎஸ் இருந்தது. 1994 சீசனுக்குத்தான் ஃபார்முலா 1ல் அதைத் தடை செய்தார்கள். ப்ராஸ்டை அதற்காக யாரும் அரை டிரைவர் என்று சொல்வதில்லை.

அழுத்தம் குறைவா, முழுதா?

அணைப்பதென்று முடிவு செய்த பிறகு வருவதுதான் உண்மையான போட்டி. பிரேக் பிரஷரை (முழுக்க அழுத்தினால் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்கும் என்ற செட்டிங்) குறைத்துவிட்டு ட்ரிகரை முழுக்க அழுத்துவது ஒரு வழி. பிரஷரை முழுதாக வைத்து அழுத்தத்தை விரலால் அளப்பது இன்னொரு வழி.

கன்ட்ரோலரில் ஆடுகிறவருக்கு முதல் வழிதான் என்பேன். ட்ரிகர் நகரும் தூரமே ஒரு சென்டிமீட்டர் அளவு. அதில் கடைசிக் கால் பங்கு முழுக்க லாக் ஆகும் பகுதி என்றால் அந்த இடம் வீண். வெறும் சாலையில் 120 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கைத் தொடாமல் முழுக்க அழுத்திப் பாருங்கள். சக்கரம் லாக் ஆனால் பிரஷரை இரண்டிரண்டு சதவீதமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முழு அழுத்தத்தில் மயிரிழையில் லாக் ஆகாமல் நிற்கும் இடம் வந்ததும் நிறுத்திவிடலாம். அப்போது முழு ட்ரிகரும் அளப்பதற்கு உதவும்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சாதாரணக் காருக்கு இந்த முறை பொருந்தும், இறக்கை வைத்த காருக்குப் பொருந்தாது. இறக்கையால் காற்று காரைக் கீழே அழுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 300ல் இருக்கும் அந்த விசை 100ல் ஒன்பதில் ஒரு பங்குதான். 300ல் தாங்கும் பிரேக்கை 100ல் கொடுத்தால் சக்கரம் நின்றுவிடும். 100க்கு ஏற்றபடி பிரஷரைக் குறைத்தால் 300ல் கிடைக்க வேண்டிய பிடிப்பு கையை விட்டுப் போகும். ஃபார்முலா காரில் பிரஷரை உயரத்தில் வைத்து, முதலில் ஓங்கி அழுத்தி, வேகம் இறங்க இறங்க விரலை விடத்தான் வேண்டும். இங்கே சோம்பல் வழி கிடையாது.

பெடல் வைத்திருப்பவர்கள் நிலை வேறு. எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பார்க்கும் பெடலைவிட, எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்று பார்க்கும் லோட் செல் பெடல் இந்த வேலைக்கு எவ்வளவோ மேல். கால் தூரத்தைவிடப் பலத்தைத்தான் நன்றாக நினைவில் வைத்திருக்கும். லோட் செல் இருந்தால் பிரஷரை முழுதாகவே விட்டுவிடலாம்.

முன்னால் தள்ளுவதா, பின்னால் தள்ளுவதா?

பிரேக் பேலன்ஸ்தான், அதாவது பிரேக் பலத்தை முன், பின் சக்கரங்களுக்குப் பங்கிடும் அளவுதான், எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. முன்னால் அதிகம் வைத்தால் முன் சக்கரம் முதலில் நிற்கும். கார் நேராகப் போகும், வளைவு தவறும், ஆனால் சுழலாது. பின்னால் அதிகம் வைத்தால் கார் ஆர்வமாக உள்ளே திரும்பும். அளவு தப்பினால் முதுகு முன்னே வந்துவிடும். 2021 அஜர்பைஜான் ஃபார்முலா 1 பந்தயத்தில், மறுதொடக்கத்தின்போது டிரைவர் ஹாமில்டனின் கை தவறுதலாக ஒரு ஸ்விட்சில் பட்டு, பேலன்ஸ் பெருமளவு முன்னால் போய்விட்டது. முதல் வளைவிலேயே முன் டயர்கள் புகைய நேராகப் போனார். முடிவில் 15வது இடம். செட்டிங்கில் ஒரு எண் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

நான் தேடுவது முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடக் கொஞ்சம் முந்தி லாக் ஆகும் இடத்தை. கிரான் டூரிஸ்மோ 7 கேமில் பேலன்ஸ் -5லிருந்து +5 வரை போகும், மைனஸ் பக்கம் முன்னால். அங்கே ஒவ்வொரு எண்ணாகத்தான் நகர்த்துவேன். எஞ்சின் பின்னால் இருக்கும் போர்ஷே 911 போன்ற காரில், எடை பின்னால் இருப்பதால், மற்றக் கார்களைவிடக் கொஞ்சம் பின்னால் தள்ளலாம்.

ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் வராது என்று பலர் நினைக்கிறார்கள். எவ்வளவு எடை முன்னால் வரும் என்பதைப் பெரும்பாலும் ஈர்ப்பு மையத்தின் உயரமும் முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் நாம் பிடிக்கும் பிரேக்கின் அளவும்தான் தீர்மானிக்கின்றன. ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை அடக்கும் டேம்பரும் மாற்றுவது அது எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதை. அதுவும் முக்கியம்தான், ஆனால் பேலன்ஸைச் சரிசெய்த பிறகு.

சத்தத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். பாட்டை நிறுத்தி, எஞ்சின் சத்தத்தைக் குறைத்து, டயர் சத்தத்தை ஏற்றி வையுங்கள். லாக் ஆகும் முன் டயர் முனகும். அதைக் கேட்கப் பழகிய பிறகுதான் எனக்கு மான்ஸா வசப்பட்டது.

எந்தக் காருக்கு எது?

காரைப் பார்த்து முடிவு செய்வதுதான் என் வழக்கம். அசெட்டோ கோர்சா கேமில் ஃபேக்டரி என்று ஒரு தேர்வு உண்டு. நிஜக் காரில் ஏபிஎஸ் இருந்தால் கேமிலும் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஃபெராரி எஃப்40க்கு நிஜத்திலேயே ஏபிஎஸ் கிடையாது, அதை ஏபிஎஸ்ஸோடு ஓட்டினால் பாதிக் கார்தான் கையில் இருக்கும். சாலைக் கார்களைப் பந்தயத்துக்கு மாற்றிய ஜிடி3 கார்களில் நிஜத்திலேயே உண்டு. டிரைவர் அதன் அளவைத் திருகி ஓட்டுகிறார். அங்கே அணைப்பது வெறும் வீம்பு, ஆன்லைன் பந்தயத்தில் பக்கத்துக் காருக்கும் ஆபத்து. கிரான் டூரிஸ்மோவில் நடுவாந்தரமாக 'வீக்' என்று ஒன்று இருக்கிறது. அணைக்கத் தயங்குகிறவர்கள் அதில் ஆரம்பிக்கலாம்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் பின்பக்கம் சுழல்கிறதென்றால், பேலன்ஸை விட்டுவிட்டு கியர் குறைக்கும் விரலைப் பாருங்கள். வேகம் இறங்குமுன் படபடவென்று கீழ் கியருக்குப் போனால், பின்சக்கர டிரைவ் காரில் எஞ்சினே இன்னொரு பிரேக்காகிப் பின் டயரை நிறுத்திவிடும். நான் பேலன்ஸை மூன்று நாள் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கண்டுபிடித்தது, இரண்டாவது கியரை அரை நொடி முன்னதாகப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதை.