பொம்மை வீட்டுக் கம்பளம்: கேன்வாஸா, பட்டு வலையா?

1:12 அளவுப் பொம்மை வீட்டில் ஓர் அடி ஓர் அங்குலமாகிவிடும். ஆறுக்கு நாலடிக் கம்பளம் என்றால் ஆறுக்கு நாலு அங்குலம்தான். ஆனால் துளைக்கு ஒரு தையலாக ஊசியால் தைத்தால், அங்குலத்துக்கு 18 துளை உள்ள கேன்வாஸில் (துளை துளையாக நெய்த விறைப்பான துணி) அது 7,776 தையல். 40 துளைப் பட்டு வலையிலோ (பட்டு நூலில் நெய்த மெல்லிய வலைத்துணி) 38,400!

கேன்வாஸ் மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அதில் தைக்கும் ரோஜாப்பூ கட்டம் கட்டமாகத் தெரியும். பட்டு வலையில், எம்பிராய்டரி நூலின் ஆறு இழைகளில் ஒன்றை மட்டும் பிரித்துத் தைக்கிறோம். பூவிதழின் நிழல்கூடத் தெரியும். உருப்பெருக்கி இல்லாமல் முடியாது. வெள்ளை வலையென்றால் மடியில் கறுப்புத் துணி விரித்துக்கொள்ளுங்கள், துளைகள் பளிச்சென்று தெரியும்.

என்னைக் கேட்டால் கம்பளத்துக்குக் கேன்வாஸே சரி. சோபா மேல் வைக்கும் ஓர் அங்குலத் தலையணைக்குப் பட்டு வலை. அதற்கே 1,600 தையல், பொறுமை இருந்தால் அப்புறம் கம்பளம் பற்றி யோசிக்கலாம்.