பேலட் பலகை, பழைய தேக்கு, இரும்பு நாற்காலி: தெருவோரம் கிடப்பவற்றில் எதை வீட்டுக்கு எடுத்துவரலாம்?

மார்கழியின் கடைசி நாளில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டுவது கொங்குப் பகுதியின் வழக்கம். அதற்கு முந்தைய ஒரு வாரம் வெள்ளையடிப்பும் ஒதுக்கலும் நடக்கும். அந்த நாட்களில் கோயம்புத்தூரின் தெருக்களில் நடந்தால், அட்டாலி எனும் பரணிலிருந்தும் பொடக்காலி எனும் கொல்லைப்புறத்திலிருந்தும் வெளியேற்றப்பட்ட பொருள்கள் குப்பைத் தொட்டிகளின் அருகே சாய்ந்து கிடப்பதைக் காணலாம்: ஒயர் அறுந்த நாற்காலி, கதவு தொங்கும் அலமாரி, கீல் கழன்ற ஜன்னல் கதவு, பேக்கிங் பலகை, கிழிந்த மெத்தை. இவற்றுள் எதை எடுத்துவந்தால் நாம் போடும் உழைப்புக்கு ஈடான ஒரு வீட்டுப் பொருள் கிடைக்கும், எது நம் வீட்டிலும் சில மாதம் கிடந்துவிட்டு மறுபடி தெருவுக்கே போகும் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே இந்த அலசலின் நோக்கம். சில ஆண்டுகளாக இவ்வகைப் பொருள்களைப் பிரித்தும் பூட்டியும் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் முதலில் தேடிப்போவது, சரக்கை அடுக்கி ஏற்றி இறக்கும் மரத்தட்டான பேலட்டின் பலகையை. முதலில் கைவைக்க வேண்டியதோ யாரும் திரும்பிப் பார்க்காத இரும்புக் குழாய் நாற்காலியை.

நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்தப் பொருளைச் சேதமில்லாமல் பிரித்து, கெட்ட பகுதியை மட்டும் மாற்றி, மறுபடியும் பூட்ட முடியுமா? முடியும் என்றால் அது எவ்வளவு அழுக்காக இருந்தாலும் எடுக்கலாம். முடியாது என்றால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடலாம்.

பேலட்டிலிருந்து தொடங்குவோம். குறிச்சி சிட்கோ, கணபதி, பீளமேடு போன்ற தொழிற்பகுதிகளிலும் திருப்பூரின் பின்னலாடை ஆலைகளைச் சுற்றியும் இது தாராளமாகக் கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் இயந்திரங்கள் பெரும்பாலும் பைன் மரப் பேலட்டிலோ மரப்பெட்டியிலோதான் வந்து இறங்குகின்றன. பைன் மரம் இலேசானது, அறுக்கவும் இழைக்கவும் எளியது, உப்புத்தாள் போட்டதும் இளமஞ்சள் நிறத்தில் அழகாகத் தெரிவது. ஆனால் எடுக்கும் முன் அதன் பக்கக் கட்டையில் இருக்கும் முத்திரையைக் கட்டாயம் படிக்க வேண்டும். நாடு விட்டு நாடு செல்லும் மரப் பொதிகளுக்கான பன்னாட்டு விதியின்படி, கோதுமைக் கதிர் போன்ற ஒரு சின்னமும், நாட்டின் ஈரெழுத்துக் குறியும், தயாரித்தவரின் எண்ணும், மரம் எவ்விதம் பதப்படுத்தப்பட்டது என்பதற்கான எழுத்துகளும் அதில் சூடு போட்டதுபோலப் பதிந்திருக்கும். ‘எச்.டி.’ என்றிருந்தால் மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடம் வைக்கப்பட்டது என்று பொருள். அதை வீட்டுக்குள் கொண்டுவரலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் புகையூட்டப்பட்டது என்று பொருள். அதைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. முத்திரையே இல்லாத பேலட் உள்நாட்டில் செய்யப்பட்டதாக இருக்கலாம். அதன் மீது எண்ணெயோ இரசாயனமோ சிந்திய கறை இருக்கிறதா, வாடை அடிக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். வெப்பப் பதனம் என்பது அந்த நேரத்தில் மரத்துக்குள் இருக்கும் பூச்சியை அழிக்குமே தவிர, பிறகு வரும் கரையானையோ உளுவையோ தடுக்காது. நான் முதலில் செய்த பெஞ்ச் ‘எச்.டி.’ முத்திரை உள்ள பலகையில் செய்ததுதான். அதை வார்னிஷ் மட்டும் அடித்து மொட்டை மாடியில் போட்டிருந்தேன். ஐப்பசி மழையில் இரண்டு முறை ஊறிக் காய்ந்தது. அடுத்த சித்திரையில் அதன் காலடியில் மாவு சலித்துக் கொட்டியதுபோல நுண்ணிய மரத்தூள் குவிந்திருந்தது. விரலால் அழுத்திய இடத்தில் கால் கட்டை அமுங்கியது. அன்றிலிருந்து வெண்காரமும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்து, இழைத்த பலகைக்கு இரண்டு கை பூசி, நிழலில் உலர்த்திய பிறகே வார்னிஷைத் தொடுகிறேன். பைன் மரம் நீரை நன்றாக உறிஞ்சும் என்பதால் இந்தக் கரைசல் அதில் ஆழமாக இறங்குகிறது. இருந்தாலும் மழையில் நனையும் இடத்தில் அது கரைந்து வெளியேறிவிடும். ஆகவே பேலட் பலகை கூரைக்கு அடியில் இருக்கும் பொருளுக்கு மட்டுமே உரியது.

பேலட்டின் மற்றொரு குறை அதைப் பிரிப்பதில் இருக்கிறது. அதில் அடிக்கப்படும் ஆணிகள் முறுக்குள்ளவை. சுத்தியலின் பின்புறத்தால் நெம்பினால் ஆணி வராது, பலகைதான் பிளக்கும். இரும்பு அறுக்கும் பிளேடைப் பலகைக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு ஆணியை அறுத்தெடுப்பதே பாதுகாப்பானது. ஒரு பேலட்டைப் பிரிக்க எனக்கு அரை நாள் ஆகிறது. கிடைப்பது எளிது, உழைப்பு பெரிது என்று இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பழைய மரம் இதற்கு நேர் எதிர். தொட்டிக்கட்டு வீடுகளும் ஓட்டு வீடுகளும் இடிக்கப்படும்போது வெளிவரும் நிலை, ஜன்னல், கதவு ஆகியவற்றில் ஆனைமலைத் தேக்கு இன்னும் கிடைக்கிறது. வெட்டிய தேக்குக் கட்டைகளை மலைமேலிருந்து சறுக்கிவிட்ட இடம் என்பதால்தான் டாப்சிலிப்புக்கு அந்தப் பெயரே வந்தது. அந்தக் காலத்து வைரம் பாய்ந்த மரத்தில் இயற்கையான எண்ணெய்ப் பசை இருப்பதால் கரையான் எளிதில் அண்டுவதில்லை. அதைவிட முக்கியமானது, ஆசாரிகள் அதைத் துளையும் அதில் செருகும் கழுந்துமாகப் பொருத்தி மர ஆணியால் பூட்டியிருப்பார்கள். மர ஆணியை ஒரு மெல்லிய கம்பியால் தட்டி வெளியேற்றினால் நான்கு சட்டங்களும் அப்படியே கழன்று வரும். பிரிப்பதற்கு இதைவிட மரியாதையான பொருள் வேறில்லை.

ஆனால் இது தெருவில் கிடைப்பது அரிது. இடிக்கும் ஒப்பந்தக்காரரே நல்ல மரத்தைக் கணக்கிட்டு எடுத்துக்கொள்கிறார். தெருவுக்கு வருவது மெல்லிய ஜன்னல் கதவுகளும் பனைமரச் சட்டங்களான பனங்கைகளும்தான். பனங்கையைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அதன் வெளிப்புறம் இரும்பு போன்றது, உட்புறமோ சோறுபோல மென்மையானது. ஆகவே திருகாணியை நடுவில் இறக்கினால் பிடிக்காது, விளிம்பில் இறக்கினால் பிளக்கும். சிராய் கையில் ஏறினால் எடுப்பதும் கடினம். அலமாரித் தாங்கிகளாக முழு நீளத்தில் பயன்படுத்தலாமே தவிர, அறுத்து நாற்காலி செய்ய முயல வேண்டாம்.

பழைய கதவின் பெயிண்டையும் கவனிக்க வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் நிறைய இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு, உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காமல், தண்ணீர் தொட்டு ஈர உப்புத்தாளால் தேய்த்து, வழியும் சேற்றைத் துணியில் துடைத்து எடுக்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலையை முற்றத்தில்கூடச் செய்யக் கூடாது என்பது என் கருத்து.

இனி இரும்பு. 1980களிலும் 90களிலும் நம் வீடுகளில் நிறைந்திருந்த, குழாயை வளைத்துப் பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நாற்காலி இன்று வீட்டுக்கு வீடு வெளியே வருகிறது. வெயில் பட்டு ஒயர் நொறுங்கிவிடுவதுதான் காரணம். சட்டம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எடுக்கும் முன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, நான்கு கால்களின் அடியையும் பாருங்கள். அடியில் போட்டிருக்கும் ரப்பர் புஷ் விழுந்துவிட்டால், தரை கழுவும் நீர் குழாய்க்குள் ஏறி உள்ளிருந்து துருப்பிடிக்கும். காலை ஒரு ஸ்பேனரால் தட்டினால், நல்ல குழாய் மணிபோல ஒலிக்கும், அரித்த குழாய் ஓட்டைத் தகரம்போல மந்தமாக ஒலிக்கும். அரிப்பு அடியிலிருந்து இரண்டு விரல்கடைக்குள் இருந்தால் நான்கு கால்களையும் ஒரே அளவாக அறுத்துவிட்டுப் புது புஷ் போடலாம். உயரம் சற்றுக் குறைந்தாலும் திண்ணை நாற்காலியாக அது நிற்கும். கைப்பிடிக்கு அடியில் பற்றவைப்பு விட்டிருந்தால் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்தக் குழாய் மெல்லியது என்பதால் சாதாரண ஆர்க் வெல்டிங்கில் ஓட்டை விழுந்துவிடும் வாய்ப்பு அதிகம். சி.ஓ.2 வெல்டிங் வைத்திருக்கும் பட்டறையில் கேட்டால் ஐந்து நிமிட வேலை. நம் ஊரில் பட்டறைக்கா பஞ்சம்?

துருவைத் தேய்த்து, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் இரண்டு கை அடித்துவிட்டால் சட்டம் முடிந்தது. எதைக் கொண்டு பின்னுவது என்பதில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. நான் மூன்றை முயன்று பார்த்தேன். திருப்பூர் பனியன் வேஸ்ட் மிகவும் மலிவு. நாடாவாகக் கிழித்து இழுத்தால் தானாகவே சுருண்டு கயிறு போலாகிவிடும், நிறமும் பல. ஆனால் பின்னலாடைத் துணி இழுபடுவதற்கென்றே பின்னப்பட்டது. ஒரு மாதத்தில் இருக்கை தொட்டில்போலத் தொங்கிவிட்டது. அதைப் பிரித்து மிதியடியாகப் பின்னினேன். அதற்கு அது மிகப் பொருத்தம். பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் நார்க்கயிறு சற்றும் தொய்யாது, ஆனால் வெற்றுத் தோலில் உறுத்தும்; கட்டிலுக்குச் சரி, நாற்காலிக்கு அல்ல. பிளாஸ்டிக் ஒயர்தான் நாற்காலிக்கு நின்றது. ஒயரைச் சற்று நேரம் வெயிலில் வைத்து இளக்கி, முதலில் முன்னிருந்து பின்னாக இழுத்துக் கட்டி, பிறகு குறுக்கே ஒன்று விட்டு ஒன்றாகக் கோக்க வேண்டும். முதல் வரிசையை எவ்வளவு இறுக்குகிறோமோ அதுதான் கடைசிவரை இருக்கையின் இறுக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது, விரல் நுனிகள் சிவந்துபோயின. மேலே ஓரம் நைந்த பவானி ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போட்டிருக்கிறேன். அந்தத் தடித்த பருத்தி நெசவு மெத்தையின் வேலையைச் செய்கிறது.

இரும்பு வகையில் இன்னொன்றும் உண்டு: மிதித்துத் தைக்கும் பழைய தையல் இயந்திரத்தின் கால். பூ வேலைப்பாட்டுடன் இருக்கும் இந்த வார்ப்பிரும்புக் கால்களின் மேல் ஒரு பலகையைப் பூட்டினால் தலைமுறைக்கு நிற்கும் மேசை கிடைக்கும். பேலட் பலகைக்கு நான் கண்ட மிகச் சிறந்த பயன் இதுவே. உடைந்த காலை மட்டும் எடுக்காதீர்கள். வார்ப்பிரும்பைப் பற்றவைப்பது தனித் திறமை கேட்கும் வேலை, சாதாரணக் கம்பியால் வைத்த பற்று பக்கத்திலேயே விரிசல் விடும். இந்தக் கால்கள் தெருவில் ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை, பழைய இரும்பு வண்டிக்காரர் எடுத்துவிடுவார். அது அவருடைய பிழைப்பு. அவருடன் போட்டியிடாமல், எடைக்கு என்ன விலையோ அதற்குச் சற்று மேலே கொடுத்து அவரிடமே வாங்குவதுதான் முறை. இப்போது அவரே கிடைத்ததும் கூப்பிட்டுச் சொல்கிறார்.

மரத்தூள் பலகையில் செய்த அலமாரி, டி.வி. ஸ்டாண்டு, கணினி மேசை ஆகியவை எண்ணிக்கையில் அதிகமாகத் தெருவுக்கு வருகின்றன. தோற்றத்தில் புதிதாகவும் இருக்கின்றன. இவற்றை எடுக்க வேண்டாம். தூளும் பசையும் அழுத்திச் செய்த பலகையில் ஒருமுறை கழற்றிய திருகாணி அதே துளையில் மறுபடி பிடிக்காது. விளிம்பில் நீர் ஏறி உப்பிய பலகை எத்தனை நாள் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. கீல், கைப்பிடி, இழுப்பறை ஓடும் தண்டு ஆகியவற்றை மட்டும் கழற்றிக்கொள்ளலாம். மெத்தை, சோபா இரண்டுக்கும் மூட்டைப்பூச்சி என்ற ஒரு சொல்லே போதும். டயரில் கயிறு சுற்றிய முக்காலி பார்வைக்கு நன்றாக இருந்தாலும், வெளியே வைத்தால் உட்குழிவில் நீர் தேங்கி, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவை வளர்க்கும். உள்ளே வைத்தால் கோடையில் ரப்பர் வாடை அடிக்கும்.

உட்காரும் பொருள் வேண்டுவோருக்கு இரும்பு நாற்காலியே என் பரிந்துரை. ஒரு ஸ்பேனரும் இரும்பு அறுக்கும் வாளும் பெயிண்டு பிரஷும் போதும், செலவும் பெரும்பாலும் ஒயருக்கு மட்டுமே. அலமாரித் தட்டுக்கும் மேசைப் பலகைக்கும் ‘எச்.டி.’ முத்திரை உள்ள பேலட் போதும், அரை நாள் உழைப்புக்கு மனம் இருந்தால். தேக்கு கிடைத்தால் இவ்விரண்டையும்விட மேலானது. ஆனால் அதற்கு வேலை தெரிந்த ஆசாரியின் கையும் நம்மிடம் பொறுமையும் வேண்டும். என் வீட்டு அட்டாலியில் ஒரு தேக்கு ஜன்னல் கதவு இரண்டு ஆண்டுகளாகப் படுத்திருக்கிறது. பெயிண்டை எடுத்தாயிற்று, கீல்களுக்கு எண்ணெய் விட்டாயிற்று. அதை அறுக்காமல் முழுதாக எங்கே பொருத்தலாம் என்பது இன்னும் பிடிபடவில்லை. பிடிபடும் வரை அதன்மேல் வாளை வைப்பதாக இல்லை.