தைராய்டு டெஸ்ட்: அட்மிட் ஆனபோதா, 6 வாரம் கழித்தா?

கடுமையான ஃப்ளூவோ கோவிட்டோ வந்து ஊட்டியில் அட்மிட் ஆனவருக்கு அங்கேயே தைராய்டு டெஸ்ட் எடுக்கலாமா, பொறுக்கலாமா?

உடனே எடுத்தால் டி3 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) பெரும்பாலும் குறைவாகவே காட்டும், டிஎஸ்எச்சும் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இறங்கியிருக்கலாம். சுரப்பி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. நோயின்போது உடம்பு சக்திச் செலவைச் சுருக்குகிறது, அவ்வளவுதான். தேறும்போது டிஎஸ்எச் கொஞ்சம் ஏறி, தானே இறங்கும். இந்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பி மாத்திரை தொடங்குவது அவசரம்.

6 வாரம் கழித்து எடுத்தால் குழப்பம் குறைவு. என் ஓட்டு இதற்கே. ஆனால் காய்ச்சல் விட்ட சில வாரங்களில் முன்கழுத்து வலித்து, தாடை, காது வரை இழுத்து, நெஞ்சும் படபடத்தால் காத்திருக்க வேண்டாம். தைராய்டு அழற்சியாக இருக்கலாம். டிஎஸ்எச்சோடு ஈஎஸ்ஆரும் (அழற்சியைக் காட்டும் ரத்த டெஸ்ட்) பார்ப்பார்கள். அப்புறம் வரும் சோர்வு, குளிர் தாங்காமை எல்லாவற்றுக்கும் மலைக்குளிர்மேலேயே பழி போடுவது நம் பழக்கம். அழற்சிக்குப் பின் சுரப்பு குறையும் கட்டமும் இப்படித்தான் இருக்கும்.