மேனிங்கா, லீஃபா?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லின் 1998 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் தேர்வு இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணிக்கு. இரண்டு குவார்ட்டர்பேக்குகளில் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பெய்டன் மேனிங்கா, ரயன் லீஃபா என்று ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள்.

லீஃபின் கை பலம் அசாத்தியமானது. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழக அணியை 67 ஆண்டுகளுக்குப் பிறகு ரோஸ் பௌல் என்ற புகழ்பெற்ற கல்லூரி ஆட்டத்துக்குக் கொண்டுபோனவர். மேனிங்கின் எறிதலில் அந்த வேகம் இல்லை. ஆனால் டென்னஸி பல்கலைக்கழக அணியில் நான்கு ஆண்டுகள் ஆடி, எதிரணி எப்படி நிற்கிறது என்று பந்து கைக்கு வருமுன்பே கணிக்கப் பழகியவர். குவார்ட்டர்பேக்குக்குக் கையைவிட இந்தக் கணிப்புதான் முக்கியம் என்பேன்.

கோல்ட்ஸ் மேனிங்கை எடுத்தது. முதல் ஆண்டு அவருக்கும் 28 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது), மூன்றே வெற்றி. சரி, அடுத்த ஆண்டே 13 வெற்றி! சான் டியேகோ சார்ஜர்ஸ் எடுத்த லீஃபோ மொத்தம் 25 ஆட்டங்களோடு நின்றுவிட்டார்.